சாம்பல் மேட்டில் பார்த்த குண்டுமணி

வானத்தில் இல்லாத ஒரு நட்சத்திரத்தை ஒரு காலனியே கூடி நின்று பார்த்தது. நான் அங்கேதான் இருந்தேன். பொய் எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு அதில் பஞ்சம் ஏது? ஆனால் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்லும் பொய்யில் கொஞ்சம் பயம் இருக்கும், கண்ணாவது தரையைப் பார்க்கும். மீசை வைத்த ஆண்கள் வரிசையாக வந்து, அண்ணாந்து பார்த்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்ன பொய்யை அந்த மார்கழியில்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நான் திருவள்ளூர்ப் பெண். ஆசிரியப் பயிற்சி முடித்து, அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். அரசாங்கத்தின் தொழிற்பேட்டையெல்லாம் அப்போது வரவில்லை. ரயில் பாதையைத் தாண்டி ஒரு தனியார் ரோலிங் மில் இருந்தது. பழைய இரும்பைக் காய்ச்சி உருட்டிக் கம்பியாக்குகிற இடம். அதன் பின்னால் ஓடு போட்ட லைன் வீடுகள். அதில் ஒன்றில் நாங்கள். நான் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்தேன். டீச்சர் உத்தியோகம் பார்க்கிறவள் போயும் போயும் நெருப்பில் வேகிறவனைக் கட்டிக்கொண்டாளே என்று என் பிறந்த வீட்டில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் ஒருவருக்குக்கூட ஒழுங்கான உத்தியோகம் இல்லை.

நான் ஏன் கட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று காப்பி எப்படி இருக்கிறது என்று என் அத்தை இழுத்து இழுத்துக் கேட்டாள். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “சக்கர பத்தல” என்றார். கூட வந்தவர்கள் அவர் தொடையைக் கிள்ளினார்கள். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. கேட்ட கேள்விக்கு உள்ளதைப் பதிலாகச் சொல்லும் ஒரு ஆண்பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஊர் திருவாலங்காட்டுப் பக்கத்தில் ஒரு சேரி. அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலத்துக்காரர் வீட்டில் மூக்கு ஒழுகும் பிள்ளைகூட இவருடைய அப்பாவை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுமாம். இவர் மில்லுக்கு ஓடிவந்து, கட்டை தூக்கி, கரி வாரி, கடைசியில் ஃபர்னஸ் வாயில் நிற்கும் ஆளானார். இரும்புக் கட்டை நெருப்புக்குள் பழுக்கும். எப்போது பழுத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். சிவப்பாக இருந்தால் இன்னும் சூடு பத்தாது. ஆரஞ்சு தாண்டி மஞ்சளுக்கு வர வேண்டும். வெள்ளையாகும்வரை விட்டால் இரும்பு கெட்டது. அவர் கையைத் தூக்கி “எடு” என்றால் கட்டை வெளியே வரும். உருளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இடுக்கியோடு நிற்பவர்கள் அதைப் பிடித்து மாற்றி மாற்றி உள்ளே விடுவார்கள். சூடு பத்தாத கட்டை உருளையில் சிக்கினால் எங்கே துள்ளும், யார் காலைச் சுற்றும் என்று சொல்ல முடியாது. அதனால் ஃபர்னஸ்காரனின் கண் அவனுடைய சொந்தக் கண் அல்ல, இடுக்கி பிடித்தவர்களின் உயிரும் அதில் இருக்கிறது.

அந்த இடத்தில் நிற்பவரை மில்லில் யாரும் ‘டேய்’ போடுவதில்லை. சூப்பர்வைசர்கூட “இன்னாப்பா, எடுக்கலாமா” என்றுதான் கேட்பார். கண் போய்விட்டால் பழைய இரும்பு குவித்திருக்கும் யார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எல்லோரும் ‘டேய்’தான். என் வீட்டுக்காரர் பயந்த ஒரே விஷயம் அந்த யார்டு.

வருஷா வருஷம் பொங்கல் கழித்து மெட்ராசிலிருந்து ஒரு டாக்டர் வந்து, எழுத்து அட்டையைக் காட்டி, நெருப்புப் பக்கம் நிற்கிற எல்லோருடைய கண்ணையும் பார்ப்பார். நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் சீக்கிரம் பூ விழும். அதனால் மார்கழி பிறந்தாலே லைன் வீடுகளில் ஒரு கலக்கம். அந்தக் கலக்கத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர் எங்கள் தலைமை மேஸ்திரி. குரல் மட்டும் பெரிய குரல். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நின்றுகொண்டே குடிப்பார்கள். உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. தெரியாததைச் சொன்னால் அது தேவையில்லாத விஷயம்.

மில்லுக்குப் பின்னால் சாம்பலும் கசடும் கொட்டிக் கொட்டி ஒரு மேடு உண்டாகியிருந்தது. ஒரு மார்கழி மாலை, இருட்டிக் கொஞ்ச நேரத்தில், மேஸ்திரி அங்கே காலாற நடந்தபோது, தலைக்கு மேலே சற்றுத் தெற்காக ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார். மறுநாள் டீக்கடையில் அறிவிப்பு வந்துவிட்டது.

“மங்கலா ஒரு குண்டுமணி கீது பாரு. அத்த பாக்கற கண்ணுக்கு டாக்டரு அட்ட எந்த மூலைக்கு?”

அவ்வளவுதான், சடங்கு ஆரம்பித்துவிட்டது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, எல்லோரும் மேட்டுக்குப் போவார்கள். காலையிலிருந்து அடுப்பைக்கூடப் பார்க்க மாட்டார்கள். கண்ணில் நீராகாரத்தில் நனைத்த துணியை வைத்துக்கொண்டு மதியமெல்லாம் படுத்துக் கிடப்பார்கள். அதற்குப் பெண்டாட்டிகள் விசிறி வீச வேண்டும். மேட்டில் மில்லுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, கார்த்திகைக் கூட்டத்திலிருந்து தெற்கும் மேற்குமாக விரலை இறக்கிக்கொண்டு வந்து, இருட்டாக இருக்கும் அந்த இடத்தில் நிறுத்தி, “தெரியுது” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு மற்றக் கண். இரண்டுக்கும் சொன்னால் மேஸ்திரி முதுகில் தட்டுவார். கீழே பெண்களும் குழந்தைகளும் தேர்த் திருவிழா பார்ப்பதுபோல் நிற்போம்.

முதல் வருஷம் ஒரு ஆள் தெரியவில்லை என்று சொன்னார். அவர் பொங்கலுக்குப் பிறகு டாக்டரிடமும் தோற்றார். போதாதா? டாக்டர் தப்பினாலும் தப்புவார், குண்டுமணி தப்பாது என்று ஆகிவிட்டது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த முதல் இரண்டு மூன்று வருஷங்களில் நட்சத்திரம் உண்மையாகவே இருந்தது. நானும் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவை பளிச்சென்று வெள்ளையாக நடுங்கிக்கொண்டிருக்க, இது மட்டும் அடுப்பில் கடைசியாக அணையப்போகும் கங்குபோல அடங்கி இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தால் காணாமல் போகும். நேராக முறைத்துப் பார்த்தால் மெல்ல மெல்ல ஏறி, சிவப்பும் கூடும். மேஸ்திரியும் “நல்லா மொறைச்சிப் பாரு” என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். சிவப்பு நட்சத்திரம் மற்ற நட்சத்திரங்களைவிடச் சூடு குறைந்தது என்று நான் வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. “சேப்புன்னா சூடு பத்தாதுதான். இத்த சொல்றதுக்கு பொஸ்தகம் வோணுமா?” என்றார். அந்த நட்சத்திரம் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சுற்றி இவர்கள் அடித்த கூத்துதான் பிடிக்கவில்லை.

எழுபதுகள் பிறந்தன. ஒரு மார்கழியில் அது மிகவும் மங்கிவிட்டது. இருந்தது, ஆனால் தேட வேண்டியிருந்தது. “பனி ஜாஸ்தி” என்றார் மேஸ்திரி. அதற்கு அடுத்த வருஷம் எனக்கு அது இருக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்றே சந்தேகம். எல்லோரும் பாஸ் ஆனார்கள். அதற்கும் அடுத்த மார்கழி வந்தது.

அன்றைக்கு வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. மழை விட்டு நாளாகிவிட்டது, பனியும் இன்னும் இறங்கவில்லை. கீழேயிருந்தபடியே நான் விரலை இறக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். வெறும் இருட்டு.

மேஸ்திரி முதலில் நின்றார். அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “தெரியுது” என்றார். அடுத்தவர் வந்தார். “தெரியுது.” அதற்கடுத்தவர். “தெரியுது.” சும்மா தெரிகிறது என்றாலாவது தொலையட்டும் என்று விடலாம். ஒருவர், “போன வருஷத்துக்கு இப்ப பெர்சா கீது” என்றார். மேஸ்திரியின் மச்சான் கையை நீட்டிக் காட்டிய திசையில் மாதாகோயில் பக்கத்து வீட்டு மூங்கிலில் கிறிஸ்துமசுக்குக் கட்டிய சிவப்புக் காகித நட்சத்திரம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் முதுகில் தட்டு கிடைத்தது. என் பக்கத்தில் நின்றவள், “எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டா தெரியுதாம்” என்று பெருமையாகச் சொன்னாள். அடி பாவி, இரண்டாகத் தெரிந்தால் அதுவும் வியாதிதானே!

என் வீட்டுக்காரரின் முறை வந்தது. பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். கையை மாற்றி மறு கண்ணாலும் பார்த்தார்.

“தெர்ல” என்றார்.

“நல்லா மொறைச்சிப் பாருப்பா” என்றார் மேஸ்திரி.

“மொறைச்சிப் பாத்துட்டேண்ணே. தெர்ல.”

நான் கீழேயிருந்து உரக்கச் சொன்னேன்: “எனக்கும் தெரியல. அங்க ஒண்ணுமே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அது எவ்வளவு நிம்மதியான சிரிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. “டீச்சரம்மா, சோடாபுட்டி போட்டுக்கினு நட்சத்திரம் பாக்க வந்தா எப்படிம்மா?” என்றார் மேஸ்திரி. என் மூக்குக் கண்ணாடியோடு என் சாட்சியமும் போயிற்று.

வீட்டுக்கு வந்து நான் தொண்டை வறளக் கத்தினேன். அங்கே நட்சத்திரம் இல்லை, அத்தனை பேரும் புளுகுகிறார்கள் என்றேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அத்தினி பேருமா பொய் சொல்வாங்கோ?”

“சொல்வாங்க. ஏன் சொல்ல மாட்டாங்க?”

“நெருப்பாண்ட நிக்கறவன் கண்ணு விஷயத்துல பொய் சொல்ல மாட்டான்மே. சொன்னா ஆளு செத்துப்பூடும்.”

இதுதான் அவருடைய முட்டாள்தனம். தன்னைப்போலத்தான் எல்லோரும் என்று நினைத்துக்கொள்வது. பொங்கல் வரட்டும், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று கெஞ்சினேன். “அவரு எழுத்த காட்டி படிக்க சொல்லுவாரு. எழுத்துக்கும் நெருப்புக்கும் இன்னா சம்பந்தம்?” என்றார். மறுநாள் காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் போய், தன் கண் சரியில்லை, இனி ஃபர்னஸில் நின்றால் யாருக்காவது ஆபத்து என்று தானாகவே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவரை யார்டுக்கு அனுப்பிவிட்டு, இவருடைய இடத்தில் மேஸ்திரியின் மச்சானை நிறுத்தினார். காகித நட்சத்திரத்தைப் பார்த்த அதே மச்சானைத்தான்.

பொங்கலுக்குப் பிறகு டாக்டர் வந்தார், ஆனால் யார்டு ஆட்களின் கண்ணை அவர் பார்ப்பதில்லை. யார்டில் என் வீட்டுக்காரரை ‘டேய்’ என்றார்கள். வீட்டில் அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது என் காதாலேயே கேட்டேன். அவரைவிட எவ்வளவோ சின்னவன் ஒருத்தன், “டேய், அந்த தகரத்த இஸ்துகினு வாடா” என்றான். அவர் இழுத்துக்கொண்டு வந்தார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் திருவள்ளூரில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். பெரும்பாலும் கொட்டாவிதான். கடைசியில் வானவியல் பேச மெட்ராசிலிருந்து வந்த கல்லூரி விரிவுரையாளர் மட்டும் விஷயம் தெரிந்தவர். வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய், கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கும் மேற்குமாக ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்ததே, அது எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அது ஒரு நிலையில்லாத நட்சத்திரமாம். ரொம்பப் பெரியது, ரொம்ப வயதானது, சூடு குறைந்தது. ஊதும், சுருங்கும். சுமார் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை சில வாரங்கள் கண்ணுக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் வெறும் கண்ணுக்கு அகப்படாது. பன்னிரண்டு மாதம் அல்ல, பதினொன்று. அதனால் அது பிரகாசிக்கும் காலம் வருஷத்துக்கு ஒரு மாதம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். மார்கழியில் தெரிந்தது ஐப்பசிக்கும் ஆவணிக்கும் போய், பிறகு சூரியன் அந்தப் பக்கம் இருக்கும் சித்திரை வைகாசிக்குப் போய்விடும். அப்போது பிரகாசித்தும் பயனில்லை, பகல் வெளிச்சத்தில் முழுகிவிடும். மங்கிக் கிடக்கும்போதும் அதில் அனல் இருக்கிறதாம், ஆனால் அந்த அனலில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத வகை. இப்போது சில வருஷங்களாக மார்கழி மாதத்தில் அதை வெறும் கண்ணால் பார்க்கப் பூமியில் யாராலும் முடியாது என்றார். மறுபடி மார்கழிக்கு வர இன்னும் சில வருஷம் ஆகும்.

“எங்க ஊர்ல பார்த்தாங்க சார்” என்றேன்.

“எப்படிப் பார்த்தாங்க?”

“முறைச்சுப் பார்த்தாங்க.”

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். சிவப்பு நட்சத்திரத்தை முறைத்தால் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தோன்றும், அதனால் அதன் ஒளியைக் கணிப்பவர்கள் முறைக்கவே கூடாது, சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார். இருப்பதை முறைத்தால் கூடும் என்று அவருடைய படிப்பு சொல்கிறது. இல்லாததை முறைத்தாலும் கூடும் என்பதைப் படிக்க அவர் எங்கள் சாம்பல் மேட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி ஊர் திரும்பும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேராக டீக்கடைக்குப் போனேன். பெண்பிள்ளை டீக்கடை வாசலில் வந்து நிற்பதா என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். விரிவுரையாளர் சொன்னதை ஒரு வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னேன். “இப்ப சொல்லுங்க மேஸ்திரி. போன மார்கழியில நீங்க எதைப் பார்த்தீங்க?”

மேஸ்திரி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “மெட்ராஸ்காரங்களுக்கு தெர்லன்னா நமக்கு தெரியக்கூடாதா? நம்ம கண்ணு நெருப்புல வெந்த கண்ணும்மா” என்றார். பெஞ்சைச் சுற்றி நின்ற அத்தனை தலையும் ஆடின. எனக்கு வந்த கோபத்தில் அந்த டீயை அவர் தலையில் கொட்டியிருப்பேன்.

ஆனால் அந்த வாரத்தில் வேறொன்று நடந்தது. ஒரு மாலை, இடுக்கி பிடிக்கும் ஒருவர் வீட்டுப் பின்பக்கமாக வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “டீச்சர், மெய்யாலுமே அன்னிக்கி அது இல்லியா?” என்றார். இல்லை என்றேன். அந்த மனுஷன் அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கும் தெர்ல டீச்சர். எனக்கு மட்டுந்தான் கண்ணு பூட்ச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன். வெளிய சொல்லிடாதீங்கோ.” அடுத்த நாள் இன்னொருவர். அதற்கடுத்த நாள் இரண்டாகத் தெரிந்த புண்ணியவானின் பெண்டாட்டி, புருஷனுக்காகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் பின்பக்கமாகவே வந்தார்கள். எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். தனக்கு மட்டும்தான் கண் போய்விட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். நினைத்துக்கொண்டே ஆறு மாதமாக நெருப்புக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

அன்று ராச்சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னதை உடனே பிடித்துக்கொண்டார். “அணைச்சுட்ட ஃபர்னஸ் மாறி. வெளிச்சம் இல்ல, கிட்ட போனா சுடும்” என்றார். பின்பக்கமாக வந்தவர்களைப் பற்றிச் சொன்னபோதுதான் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார்.

“கண்ணு பூட்ச்சின்னு தெரிஞ்சிக்கினேவா நின்னானுங்கோ?”

“ஆமா.”

“இந்த மாறி ஆளுங்க எதிர்லயா நான் அத்தினி வருஷம் நின்னேன்?”

நெருப்பில் வேகிறவர்கள் எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் என்ற அவருடைய நினைப்பு அன்றோடு செத்தது. எனக்கு ஒருபக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவர்களுடைய யோக்கியதை இவருக்கு இப்போதாவது தெரிந்ததே என்று.

நாங்கள் சூப்பர்வைசரிடம் போனோம். டாக்டரிடம் காட்டித் தேறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மற்ற ஆட்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், மேஸ்திரியைப் பாருங்கள் என்றார். மச்சான் எடுக்கச் சொன்ன கட்டை அதற்குள் ஒருமுறை சூடு பத்தாமல் உருளையில் சிக்கியிருந்தது. நல்ல வேளையாக யார் மேலும் படவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பி வருவது மேஸ்திரிக்கே தேவையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருடைய கௌரவம் இருக்கிறதே!

“மார்கழில மேட்டுக்கு வா. எல்லார் எதிர்லயும் பாத்து சொல்லு. தெர்லன்னு சொன்னவன நம்பி எவன் இடுக்கி புடிப்பான்?”

“அங்க நட்சத்திரம் இருக்காதுன்னு சொல்றேனே” என்றேன் நான்.

“அத்த பாக்கறவன் சொல்லட்டும்மா” என்றார்.

மார்கழி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. வானம் அன்றும் சுத்தம். அந்த இடம் அன்றும் காலி. எல்லோருக்கும் தெரியும், காலி என்று. நான் டீக்கடையில் சொல்லியாயிற்று, பின்பக்கமாக வந்தவர்களுக்கும் சொல்லியாயிற்று. இருந்தும் மேஸ்திரி ஏறினார். “தெரியுது.” துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த மனுஷனும் ஏறினார். “தெரியுது.” போன வருஷமாவது இந்தப் பொய்யில் பயம் இருந்தது. இந்த வருஷம் அதுவும் இல்லை. இதைவிடக் கேவலமான கூட்டத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை, இத்தனைக்கும் நான் பல பள்ளிகளின் ஆண்டு விழாக்களைப் பார்த்தவள்.

கடைசியாக என் வீட்டுக்காரர் ஏறினார். ‘இல்லை’ என்று சொல்லப்போகிறார், இந்த முறை காரணத்தோடு சொல்லப்போகிறார் என்று நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கண்ணை மூடினார். அண்ணாந்தார். முறைக்கக்கூட இல்லை.

“தெரியுது” என்றார். கையை மாற்றினார். “நல்லா சேப்பா தெரியுது.”

கைதட்டினார்கள். மேஸ்திரி கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் வந்ததும், “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“அத்தினி பேரு சொல்றான். நான் ஒருத்தன் சொன்னா இன்னா குறைஞ்சிட போவுது?” என்றார். கொஞ்சம் கழித்து, “யார்டுல சாவ சொல்றியா?” என்றார்.

பொங்கலுக்குப் பிறகு டாக்டரிடமும் தேறினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. திரும்பவும் ஃபர்னஸ், திரும்பவும் “இன்னாப்பா, எடுக்கலாமா”. அவர் சந்தோஷமாக இருந்தார். நான் எப்படி இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் விரிவுரையாளர் சொன்னபடியே நட்சத்திரம் மார்கழிக்குத் திரும்பி வந்தது. அதே இடம், அதே அடங்கின சிவப்பு. மேட்டில் அந்த வருஷமும் எல்லோரும் ஏறி, “தெரியுது” என்றார்கள். எந்த ஆளும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று பழகிப்போன கண்கள்.

ஆனால் என் வீட்டுக்காரரை நான் சில மாதங்களாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸின் போர்டை என்னைப் படிக்கச் சொல்கிறார். தட்டில் கல் இருந்தால் நாக்கில் பட்ட பிறகுதான் தெரிகிறது. விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டு, பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்றார். டாக்டரின் அட்டையில் இருக்கும் எழுத்துகள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் எப்போதோ மனப்பாடம்.

மேட்டுச் சடங்கு முடிந்து இரண்டொரு நாளில், அவர் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும் முன், பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இரண்டு பேர்தான். மேஸ்திரி இல்லை, கைதட்ட யாரும் இல்லை.

“இப்ப அது நெஜமாவே இருக்குதுங்க. நான் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரியுதா? என்கிட்ட சொல்லுங்க.”

அண்ணாந்து பார்த்தார். “தெரியுது” என்றார்.

“எங்க, காட்டுங்க.”

கையைத் தூக்கிக் காட்டினார். விரல் சரியாக அந்த இடத்தில்தான் போய் நின்றது. எத்தனை மார்கழி அந்த விரலை அங்கே இறக்கிப் பழகியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டுவார். நான் விரலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தால் போதும், உள்ளது தெரிந்துவிடும். இப்போது அதில் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேட்டில் இல்லாத நட்சத்திரத்துக்குச் சொன்னபோதும் இதே முகம்தான், இதே குரல்தான்.

“மெட்ராஸ்ல நல்ல டாக்டரா பார்த்துக் காட்டிட்டு வரலாங்க. எதிர்ல இடுக்கி பிடிச்சுக்கிட்டு ஆளுங்க நிக்கறாங்க.”

“அதான் தெரியுதுன்றேனே” என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.